கட்டிக்குச் சொந்த ஊர்

"பொறந்த ஊர் எது?"

"செய்யூர் பக்கம் மேடம். கூவத்தூர்ல எறங்கி உள்ள போவணும்."

"உங்க ஒய்ஃபுக்குக் கேக்கல. கட்டிக்குக் கேக்கறேன்."

தேவசகாயம் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ஹெலன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் ஈரலின் வண்ணப்படம் மாட்டியிருந்தது. படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தார்கள்.

"கட்டி ஈரல்ல தான் கீதுன்னு ஸ்கேன்ல சொன்னாங்களே மேடம்."

"இருக்கிறது ஈரல்ல. பொறந்தது ஈரல்ல இல்ல," என்றார் கல்லீரல் துறைத் தலைவர் டாக்டர் லோகநாயகி. "வாடகைக்கு வந்தவனை வீட்டுக்காரன்னு சொல்லுவீங்களா? என் ஈரல் நல்ல ஈரல். யாரோ வந்து குடியேறினதுக்கு என் ஈரல் எப்படிப் பொறுப்பாகும்?"

அது ஹெலனின் ஈரல் என்று சொல்ல தேவசகாயத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. பெரிய டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டான்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், முன்பு சவுக்குத் தோப்பாக இருந்த இடத்தில், உறுப்பியல் உயர் நிறுவனம் இருக்கிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் தனிக் கட்டடம், தனி வாசல், தனிக் காவலாளி, தனி ஆண்டுவிழா. மேற்கே மூளையில் தொடங்கிக் கிழக்கே பாதத்தில் முடியும்படி கட்டியிருந்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் ஒரு மனிதன் கடலை நோக்கிக் கால் நீட்டிப் படுத்திருப்பது போலத் தெரியும் என்று வரவேற்பறைப் பலகை சொன்னது. அந்த மனிதனுக்கு உடம்புக்கு என்ன என்று பலகையில் இல்லை.

லோகநாயகி பொறுமைக்குப் பெயர்போனவர். அவர் விளக்கினார். உடம்பில் ஒருவகை செல் உண்டு. அது பாதி நரம்பு, பாதி சுரப்பி. அதற்கென்று ஒரு வீடு கிடையாது. நுரையீரலில் இருக்கும், இரைப்பையில் இருக்கும், கணையத்தில், சிறுகுடலில், குடல்வாலில், மலக்குடலில் எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அது கெட்டுப்போனால் வரும் கட்டிக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று பெயர். எல்லா இடத்திலும் ஒரே பெயர்தான். ஆனால் நுரையீரலில் பிறந்ததன் குணம் வேறு, கணையத்தில் பிறந்ததன் குணம் வேறு. அதனால் எங்கே பிறந்தது என்று தெரியாமல் யாரும் தொடமாட்டார்கள். ஹெலனுக்கு வந்தது எங்கேயோ பிறந்து, சத்தமில்லாமல் வளர்ந்து, ரத்தத்தில் ஏறி ஈரலில் வந்து இறங்கியிருக்கிறது. அங்கேயிருந்து ஏதோ ஒரு ரசத்தைச் சுரந்து அனுப்புகிறது. அதனால்தான் முகம் சிவப்பதும், வயிறு முறுக்குவதும், நாள் முழுக்கப் போக்கு போவதும்.

"மருந்து கீதா மேடம்?" என்று கேட்டான்.

இருந்தது. இடுப்பில் மாதாமாதம் போடும் ஊசி. போட்டால் சுரப்பு அடங்கும், சிவப்பும் போக்கும் பெரும்பாலும் நின்றுவிடும், கட்டியும் கொஞ்சம் அடங்கி உட்காரும். ஊசி அதே கட்டடத்தில், கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டிக்குள் இருந்தது. லோகநாயகி எழுந்து போய் அதைக் காட்டவும் செய்தார். ஆனால் கட்டி எந்தத் துறையைச் சேர்ந்ததோ அந்தத் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி திறக்கும்.

குடல் துறைக்குப் போகச் சொன்னார்கள்.

போக பேட்டரி கார் உண்டு. ஆனால் ஈரலின் பேட்டரி கார் ஈரலின் எல்லை வரைதான் வரும். அங்கே இறங்கி, இரைப்பையின் காருக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தபோது ஹெலனுக்கு வயிறு முறுக்கியது. எதிரிலேயே கழிப்பறை இருந்தது. வாசலில் நின்ற காவலாளி அவள் கையில் கட்டியிருந்த பட்டையின் நிறத்தைப் பார்த்தார்.

"இது இரைப்பை பாத்ரூம்மா. நீங்க லிவர் பேஷண்ட்டு. லிவர் பாத்ரூம் லிவர்ல கீது."

"அண்ணாத்த, அவசரம்ணா."

"எனக்குப் புரியாமலா? மேலதிகாரிக்குப் புரியணுமே."

தேவசகாயம் அவரோடு பேசிக்கொண்டே நகர்ந்து, தன் முதுகால் அவர் பார்வையை மறைத்தான். அந்த இடைவெளியில் ஹெலன் உள்ளே போய்விட்டாள். அவன் மகாபலிபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றின் ஊழியர் வேனை ஓட்டுகிறவன். ஹெலன் அதே விடுதியில் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறவள். மடித்தவள் என்று சொல்ல வேண்டும். வேனில் ஏறினால் வழியில் இறங்க வேண்டிவரும் என்று பயந்து, அவள் வேலைக்குப் போவதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

குடல் துறைத் தலைவர் டாக்டர் ராஜாராம் சிரித்த முகத்தோடு வரவேற்றார்.

"பொறந்தது என் குடல்லயாத்தான் இருக்கும். இல்லன்னு சொல்லல," என்றார். "இந்த மாதிரி செவந்து வயித்தால போனா பெரும்பாலும் சிறுகுடல்தான். ஆனா பாருங்க, என்னைக்கோ ஊரை விட்டுப் போனவனுக்கு நான் ரேஷன் கார்டு குடுக்க முடியுமா? மேலேருந்து ஒரு கேமரா விட்டோம். கீழேருந்து ஒரு கேமரா விட்டோம். ரெண்டுலயும் இல்ல. நடுவுல கேமரா போகாது. நடுவுல இருந்தா அது எங்க தப்பு இல்ல."

இதயத் துறையில் ஹெலனின் வலப்பக்க வால்வு லேசாகத் தடித்திருப்பதாகச் சொன்னார்கள். ஈரலிலிருந்து வரும் அந்த ரசம் செய்த வேலை. அவர்கள் இதை மிகவும் அழகாகச் சொன்னார்கள்: எங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது, கடிதம் போட்டவரை நாங்கள் தேடுவதில்லை. சுரப்பிகள் துறையில் இன்னும் கறார். கழுத்தில் இருப்பது சுரப்பி, சிறுநீரகத்தின் மேல் இருப்பது சுரப்பி, அவற்றுக்கெல்லாம் முகவரி உண்டு. தெருவில் நின்று சுரக்கிறவர்களை நாங்கள் சுரப்பி என்று ஏற்றுக்கொள்வதில்லை.

தோல் துறையில் காத்திருக்கும்போதே ஹெலனுக்கு முகம் சிவந்தது. அவள் நிறம் கறுப்பு. அதில் சிவப்பு ஏறினால் அடுப்பில் வைத்த செம்புப் பாத்திரம் போல உள்ளிருந்து தகதகக்கும். டாக்டர் கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தோல் நல்ல தோல் என்றார். சிவப்பு உள்ளேயிருந்து வருகிறது, வந்து நிலையாகத் தங்கிவிட்டால் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார்.

"ரெண்டு செவப்பு கீது டாக்டர்," என்றான் தேவசகாயம். தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல அங்கே அவனுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. "நோவு செவப்பு கழுத்து வரைக்கும் எறங்கும். வெக்கப்பட்டா வர்றது கன்னத்தோட நின்னுடும். எனக்குப் பாத்தாலே தெரியும்."

"சும்மா இரு மாமா," என்றாள் ஹெலன்.

அவனால் சும்மா இருக்க முடியாத விஷயம் அது. பல வருடங்களுக்கு முன், வேனில் கூவத்தூரில் இறங்க வேண்டிய ஹெலன் எழுந்து நின்றபோது, கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே, "கடைசி ஸ்டாப்பு வரைக்கும் வாயேன்" என்று சொன்னான். அதுவரை அவளிடம் பேசியதில்லை. அதைச் சொல்ல அவன் ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்திருந்தான். அவள் கன்னம் மட்டும் செம்பாகிவிட்டது. கடைசி ஸ்டாப்பான கடப்பாக்கம் வரை வந்தாள். அந்தச் சிவப்பை நம்பித்தான் அவன் பெண் கேட்டான். கலியாண விருந்தில், திருச்சபை ஆண்டுவிழாவில், விடுதிச் சமையற்கட்டில், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறான். கறுப்புப் பெண்ணுக்கு வெட்கம் தெரியாது என்று யாராவது சொன்னால் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி அந்த வாக்கியத்தைச் சொல்லுவான். உடனே சிவப்பாள். எல்லாரும் கைதட்டுவார்கள்.

பிறகு சிவப்பு அடிக்கடி வந்தது. சொல்லாமலே வந்தது. மாதவிடாய் நிற்கிற வயது என்றார் ஒருவர். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் இன்னொருவர். சலவைக்கூடத்து வெக்கை, மிளகு, மனக்கவலை என்று பட்டியல் நீண்டது. ஒரு டாக்டர், குடிப்பீங்களா என்று அவளைத் தனியாக அழைத்துக் கேட்டார். அவள் தேவாலயத்தில் தரும் இராப்போஜனத் திராட்சைரசம் மட்டும்தான் என்றாள். அதை நிறுத்தச் சொன்னார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை, விபத்தில் இறந்த ஒருவரைத் தேவசகாயம் பார்த்திருக்கிறான். தலை ஒரு காவல் நிலையத்தின் எல்லையிலும் கால் இன்னொரு நிலையத்தின் எல்லையிலும் கிடந்தன. இரண்டு பக்கத்துப் போலீசாரும் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. அப்போது அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. விடுதிக்குப் போய் அதையும் சொல்லிச் சிரித்தான்.

நிறுவனத்தின் இயக்குநர் டாக்டர் கேசவன் பிரச்சினையைக் கேள்விப்பட்டு, உறுப்புகள் ஒருமைப்பாட்டுக் கூட்டத்தைக் கூட்டினார். மேசை நீளமானது. தலைப்பக்கம் மூளை, அடுத்து கண், காது, மூக்கு, தொண்டை என்று உடம்பின் வரிசைப்படி உட்கார்ந்தார்கள். மலக்குடல் துறைத் தலைவருக்குக் கதவோரம், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இடம் வந்தது. அவர் வருடாவருடம் அதை எதிர்த்துக் குறிப்பு எழுதிவருகிறவர். அன்றும் கூட்டம் அதிலிருந்தே தொடங்கியது. நோயாளி எந்த உறுப்பும் அல்ல என்பதால் ஹெலனுக்கு நாற்காலி போடவில்லை. அவள் தேவசகாயத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

ஒவ்வொருவரும் தத்தம் உறுப்பின் நற்பெயரைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்குச் சிறுவயதில் குடல்வாலை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. கட்டி அந்தக் குடல்வாலில் பிறந்திருக்கலாமே. அப்படியென்றால் சொந்த ஊரைக் கடல் கொண்டுபோய்விட்டது, யாருக்கும் பொறுப்பில்லை. ராஜாராம்தான் அது நடக்காத காரியம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கடைசியில் அந்தக் கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும் ஒரு மருந்தை ஏற்றி, சென்னையில் ஸ்கேன் எடுத்துவரத் தீர்மானம் நிறைவேறியது. அதுவரை நோயாளியை எங்கே வைப்பது என்று யாரோ கேட்டார்கள். வரவேற்பறையில் என்று இயக்குநர் சொன்னார்.

செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் உண்டு. அதில் கழிப்பறை இல்லை. தேவசகாயம் விடுதியில் வேனைக் கேட்டு வாங்கினான். முந்தைய நாளே தனியாக அந்தச் சாலையில் ஒருமுறை போய்வந்தான். எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தம், எங்கே தாழ்ப்பாள் உண்டு, எந்த ஓட்டலில் கேள்வி கேட்காமல் விடுவார்கள் என்று பார்த்துவைத்தான். மறுநாள் ஹெலன் வாய் திறப்பதற்கு முன்பே ஒவ்வோர் இடத்திலும் வண்டி தானாக நின்றது.

"இந்த ரோட்டப் பூரா எனக்காவ படிச்சினு வந்தியா?" என்றாள்.

"டிரைவருன்னா சும்மாவா?"

ஸ்கேனில் கட்டியின் பிறந்த ஊர் தெரிந்தது. கேமராவின் கண்ணுக்குத் தப்பி, மிளகளவு ஒரு புள்ளி ஒளிர்ந்தது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிற இடம்.

தேவசகாயம் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். ராஜாராம் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சென்ற வாரம்தான் குடல் துறை இரண்டாகப் பிரிந்திருந்தது. சிறுகுடல் அவரிடம். பெருங்குடல் வேறொருவரிடம். எல்லை அந்தப் புள்ளியின் மேலேயே ஓடியது.

"செங்கல்பட்டு மாதிரி இது ஒரு ஜங்ஷன் ஸ்டேஷன்," என்றார் ராஜாராம். "எந்த லைன் ஸ்டாஃப் கொடி ஆட்டறதுன்னு தெரியாம வண்டியை விடக் கூடாது. ஆக்சிடென்ட் ஆயிடும்."

இதற்குத் தீர்வாக டாக்டர் கேசவன் புதிய துறை ஒன்றை அறிவித்தார். எல்லைப்பகுதிக் கட்டிகள் துறை. அதற்குக் கட்டடம் கட்டும்வரை பந்தல் போட்டுத் தொடக்கவிழா நடத்த ஏற்பாடாயிற்று. முதல் நோயாளி ஹெலன். தேவசகாயம் அன்று அவளுக்கு ஊசி போட்டுவிடுவார்கள் என்று நம்பி, வரும்போது இட்லி வாங்கிவந்தான். ஊசி போட்டபின் அவள் பயமில்லாமல் சாப்பிடலாம்.

பந்தல் முழுக்கக் கறுப்பு வெள்ளை வரித் துணி. இந்த நோய்க்கு வரிக்குதிரைதான் சின்னம். குளம்புச் சத்தம் கேட்டால் குதிரை என்றுதான் டாக்டர்கள் நினைக்கிறார்கள், சில சமயம் வருவது வரிக்குதிரையாகவும் இருக்கும், என்பது தத்துவம். வரிக்குதிரை கிடைக்காததால் மகாபலிபுரம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் குதிரை ஒன்றைக் கொண்டுவந்து, உடம்பெல்லாம் வரி தீட்டி மேடையருகே நிறுத்தியிருந்தார்கள்.

"இது கருப்பண்ணன் குதிர இல்ல?" என்றாள் ஹெலன்.

குதிரைக்காரன் கருப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "இன்னா பண்றது தங்கச்சி, கூப்ட்டாங்க. காலையிலேந்து தண்ணி காட்ட வுடல. குனிஞ்சா பெயிண்டு ஒழுவுதாம்."

ஹெலனை மேடையில் உட்கார வைத்து வரிபோட்ட பொன்னாடை போர்த்தினார்கள். அங்கேதான் முதல்முறையாக அவளுக்கு நாற்காலி கிடைத்தது. லோகநாயகி, கட்டி தன் ஈரலில் தங்கியிருந்த காலத்தில் மிகக் கண்ணியமாக நடந்துகொண்டது என்று பேசினார். பிறகு இயக்குநர் எழுந்தார்.

"பெருமையோடு சொல்கிறேன்," என்றார் டாக்டர் கேசவன். "இந்த நிறுவனம் தொடங்கியதிலிருந்து இன்றுவரை எந்த உறுப்பிலும் ஒரு மரணம்கூட நிகழவில்லை. நிகழ்ந்தவை எல்லாம் உறுப்புகளுக்கு நடுவில் நிகழ்ந்தவை. அவற்றுக்கு இதுவரை துறை இல்லை. இனி அவையும் முறைப்படி நிகழும்."

பலத்த கைதட்டல். வெயிலும் சத்தமும் சேர்ந்ததில் ஹெலனின் முகத்தில் செம்பு ஏறியது.

"பாருங்கள், இதோ!" என்று இயக்குநர் கையை நீட்டினார். மாணவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "இதுதான் அந்தச் சிவப்பு. கழுத்து வரை இறங்கும் என்பார்கள். அப்படி ஒரு விதியும் இல்லை. சில நேரம் கன்னத்தோடு நின்றுவிடும். காரமும் வெயிலும்தான் வேண்டும் என்றில்லை. மனசில் ஒரு சந்தோஷம் போதும். ஒரு சொல் போதும். மெதுவாக வளரும் கட்டி இது. பத்துப் பன்னிரண்டு வருடம்கூட யாருக்கும் தெரியாமல் உள்ளேயிருக்கும். அத்தனை வருடமும் வீட்டில் இருப்பவர்கள் இதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்."

கூட்டம் சிரித்தது. தேவசகாயம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். குதிரையின் விலாவில் வரி வியர்வையில் கரைந்து காலோரமாக வழிந்துகொண்டிருந்தது. அடியில் அது வெறும் மாநிறக் குதிரைதான்.

விழா முடிந்ததும் ராஜாராமைப் பிடித்து, ஊசியை எப்போது போடுவார்கள் என்று கேட்டான். துறை வந்துவிட்டது, தலைவர் இன்னும் வரவில்லை என்றார் அவர். விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைத்து, தலைவர் வந்து கையெழுத்துப் போட்டதும் போட்டுவிடலாம். தேவசகாயம் போகாமல் நின்றான்.

"சார், இன்னொண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடியே இது உள்ள இருந்திருக்குமா?"

ராஜாராமின் முகத்தில் சிரிப்பு இல்லை. முதல்முறையாக அவர் தன் குடலைப் பற்றிப் பேசவில்லை. "இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதுங்க," என்றார். பிறகு பேட்டரி கார் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

வேன் வெளியே, மிச்சமிருந்த சவுக்கு நிழலில் நின்றது. ஹெலன் முன்சீட்டில் உட்கார்ந்து, பொன்னாடையை விடுதியில் துண்டு மடிப்பதைப் போல ஓரம் பிசகாமல் சதுரமாக மடித்து மடியில் வைத்தாள். இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. தேவசகாயம் சாவியைப் போட்டான். திருப்பவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்ப்பது அவன் வழக்கம். இன்று கண்ணாடியைப் பார்க்காமல் ஸ்டியரிங்கையே பார்த்தான்.

"இன்னா, வண்டிய எடுக்கல?"

அவன் ஸ்டியரிங் உறையில் பிரிந்திருந்த நூலைப் பிடுங்கினான்.

"மேடையில அந்தாளு சொன்னத நெனச்சிகினு கீற," என்றாள். "நானும் அதத்தான் நெனச்சிகினு கீறேன். அன்னிக்கி வேன்ல செவந்தது யாருன்னு எனக்கே தெர்ல மாமா. அப்ப உள்ளுக்குள்ள ஜிவ்வுன்னு ஆச்சு. அது மட்டுந்தான் தெரியும்."

கருப்பன் குதிரையைச் சாலையில் நடத்திக்கொண்டு போனான். அதன் வரிகள் பாதி அழிந்திருந்தன. அது போய் மறையும்வரை இருவரும் பார்த்தார்கள்.

"ஊசி போட்டா செவப்பு நின்னுடும்னு சொன்னாங்க இல்ல?" ஹெலன் பொன்னாடையின் மடிப்பை விரலால் நீவினாள். "போட்டப்பறம் ஒரு தபா என்ன இந்த வண்டில கூட்டினு போ. கூவத்தூர் வந்ததும் நான் எழுந்து நிக்கிறேன். நீ கண்ணாடியப் பாத்து அதையே சொல்லு. அப்பவும் செவந்துச்சின்னா அது நானு. சொல்றியா மாமா?"